மர வாள் ஏன் பிடியருகில் ஒடிகிறது?

கேள்வி (சிவகங்கை மாவட்டத்து வாசகர் ஒருவர் கேட்டது): என் மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளி ஆண்டு விழாவில் வேலு நாச்சியாராக நடிக்கிறாள். அட்டையில் செய்து கொடுத்த வாள் ஒத்திகையிலேயே மடங்கிவிட்டது. மரத்தில் நானே செய்து கொடுக்க விரும்புகிறேன். தேக்கில் செய்தால் ஒடியவே ஒடியாது என்று மரவாடியில் சொல்கிறார்கள். அது சரிதானா? இல்லையென்றால் எந்த மரத்தை வாங்குவது?

3 நவம்பர் 2022

தேக்கு வேண்டாம். தேக்கு மழைக்கும் கரையானுக்கும் தாங்கும், கதவாக நின்றால் நூறாண்டு கோணாது. ஆனால் அடி தாங்குவது வேறொரு குணம். மண்வெட்டிக்கும் கோடரிக்கும் தேக்கில் காம்பு போட்டு எங்கும் பார்த்ததில்லை, கருவேலத்தில்தான் போடுகிறார்கள். காம்பு படும் பாட்டைத்தான் வாளும் படுகிறது. ஆகவே காம்புக்கு உதவும் மரமே வாளுக்கும் உதவும்.

ஆனால் கருவேலம் கனமானது. பன்னிரண்டு வயதுப் பெண்ணின் கைக்கு அது தேவையில்லை. பூவரசு கிடைத்தால் அதை வாங்குங்கள். வைரம் பாய்ந்த பூவரசு சாக்லேட் நிறத்தில் வழவழப்பாக வரும், உளிக்கும் இணங்கும். அது கிடைக்காவிட்டால் வேம்பு போதும். முருங்கை, இலவம் போன்றவற்றைத் தொட வேண்டாம்.

கனத்தைப் பற்றி ஒரு கணக்கு. எஃகின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 7.85 கிராம். உலர்ந்த தேக்கு ஏறத்தாழ 0.65. எஃகு வாளை அதே அளவில் மரத்தில் செய்தால் கனம் பன்னிரண்டில் ஒரு பங்காகிவிடும், உறுதியும் இராது. அதனால் மர வாள் எப்போதும் தடிமனாகவே அமைய வேண்டும். படத்தைப் பார்த்து மெல்லியதாக இழைக்கத் தொடங்குவதுதான் முதன்முறை செய்கிறவர்கள் செய்யும் பிழை. நானும் அப்படித்தான் தொடங்கினேன்.

4 நவம்பர் 2022

விடுபட்டவை. புளிய மரம் இறைச்சிக் கடைக் கட்டைக்கு ஆகும் அளவுக்கு உறுதியானது, ஆனால் கை இழைப்புளிக்கு எளிதில் இடங்கொடாது. சவுக்குக் கம்பு மலிவாகக் கிடைக்கிறதே என்று ஒருவர் கேட்டிருக்கிறார். உறுதிதான், ஆனால் உலரும்போது நெடுக வெடிக்கும். வாளுக்கு வேண்டாம்.

9 நவம்பர் 2022

மூன்றாம் தேதி எழுதியதில் பெரும்பகுதியைத் திருத்த வேண்டியிருக்கிறது. மரவகைப் பட்டியலை எழுதி முடித்த பிறகு மனம் சமாதானம் அடையவில்லை. ஆகவே பரணில் போட்டு வைத்திருந்த பழைய வாள்களை இறக்கிப் பார்த்தேன். பதினோரு ஆண்டுகளில் செய்தவற்றுள் ஒடிந்தவை நான்கு: ஒன்று தேக்கு, இரண்டு வேம்பு, ஒன்று பூவரசு. ஒடியாமல் இருப்பவற்றிலும் ஒரு தேக்கு இருக்கிறது. அது என் மகன் மூன்று ஆண்டுகள் தென்னை மரத்தில் அடித்து விளையாடியது. மர வகைதான் காரணம் என்றால் இந்தக் கணக்கு இப்படி வந்திருக்காது.

ஒடிந்த நான்கும் ஒரே இடத்தில்தான் ஒடிந்திருக்கின்றன. கைப்பிடி முடிந்து அலகு தொடங்கும் இடத்திலிருந்து இரண்டு அங்குலத்துக்குள். ஒடிந்த முகமும் நான்கிலும் ஒன்றுபோல் இருக்கிறது. குறுக்கே முறிந்த சொரசொரப்பு குறைவு. சாய்வாக, பலகை பிளந்ததுபோல வழுக்கிக்கொண்டு போயிருக்கிறது. அதாவது நார் அறுபடவில்லை, நாருக்கும் நாருக்கும் இடையே விட்டுப் பிரிந்திருக்கிறது. நார் பிடியிலிருந்து அலகுக்கு நேராக ஓடாமல், பக்கவாட்டில் இறங்கி வெளியே போய்விட்ட இடம் அது.

மரத்தின் உறுதி நாரின் நீளவாக்கில் இருக்கிறது. நார் சாய்ந்தால் அந்த உறுதி எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்பதை மரப் பொறியியலில் அளந்து வைத்திருக்கிறார்கள். 20 அங்குல நீளத்தில் நார் 1 அங்குலம் விலகினால், திடீர் அடியைத் தாங்கும் திறன் 90 விழுக்காடு எஞ்சும். 10 அங்குலத்துக்கு 1 அங்குலம் என்றால் 62. 5 அங்குலத்துக்கு 1 அங்குலம் என்றால் 36 மட்டுமே. இந்த மூன்று எண்களைப் பார்த்த பிறகு, கருவேலமா தேக்கா என்ற பேச்சு எனக்கு இரண்டாம் பட்சமாகிவிட்டது. நேர் நார் கொண்ட சாதாரண வேம்பு, நார் சாய்ந்த கருவேலத்தை வென்றுவிடும்.

ஆகவே என் விடை மாறுகிறது: மரத்தின் பெயரைக் கேட்டு வாங்காதீர்கள், நார் போகும் போக்கைப் பார்த்து வாங்குங்கள். மரவாடிக்காரர் சொன்ன தேக்கும் நார் நேராக இருந்தால் குறையில்லாததே.

10 நவம்பர் 2022

நார் போக்கை எப்படிப் பார்ப்பது என்று உடனே கேள்வி வந்திருக்கிறது. பலகையின் அகன்ற முகத்தில் தெரியும் ரேகையை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. அந்த அழகிய மலைமுகடு போன்ற வளைவுகள் ஆண்டு வளையங்களை ரம்பம் வெட்டியதால் தோன்றுபவை. பலகையைத் திருப்பி, குறுகிய பக்கத்தைப் பாருங்கள். அங்கே கோடுகள் பலகையின் விளிம்புக்கு இணையாக, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஓட வேண்டும். நடுவில் மேலேறி முகத்தில் மறைந்துவிடும் பலகையை விட்டுவிடுங்கள். இரண்டு பக்கங்களையும் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் நேராக இருந்து மறுபக்கம் சாய்ந்திருப்பது உண்டு.

கணு இருக்கும் இடத்தில் நார் ஆற்றில் பாறையைச் சுற்றும் நீர்போல விலகி ஓடும். கணுவை வெட்டி விலக்கினாலும் அந்த விலகல் நாலைந்து அங்குலத்துக்கு இருக்கும். பிடியருகே கணு வரவே கூடாது.

இதைவிட உறுதியான வழி ஒன்றை எனக்கு உளி பிடிக்கக் கற்றுக்கொடுத்த ஆசாரி சொல்லியிருந்தார். அவர் திருவானைக்காவலில் ஒரு கொட்டகையில் வண்டிச் சாமான் செய்துகொண்டிருந்தவர். ஆரக்காலுக்குக் கட்டை எடுக்கும்போது ரம்பத்தைத் தொடமாட்டார். கட்டையின் தலையில் கோடரியை வைத்துக் கொட்டாப்புளியால் தட்டிப் பிளப்பார். "ரம்பம் நாம் சொன்ன வழியில் போகும், கோடரி மரம் சொன்ன வழியில் போகும்" என்பார். பிளந்த கட்டையில் நார் அறுபடவே முடியாது, ஏனென்றால் பிளவே நாரின் வழியாகத்தான் ஓடியிருக்கிறது. அப்போது எனக்கு வயது இருபத்திரண்டு. அது சிக்கனத்துக்காகச் சொன்ன பேச்சு என்று நினைத்திருந்தேன். அவர் இருந்தபோதே இதைப் புரிந்துகொண்டிருந்தால் இன்னும் நூறு கேள்வி கேட்டிருப்பேன்.

20 நவம்பர் 2022

வளைந்த வாளைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். மேலே சொன்னது முழுவதும் நேர் வாளுக்குப் பொருந்தும். 18-ஆம் நூற்றாண்டுத் தென்னாட்டுப் படைகளில் வளைந்த வாள் பரவலாக இருந்தது. 1780-இல் சிவகங்கையை மீட்ட வேலு நாச்சியாருக்கு வளைந்த வாளே பொருத்தம் என்று மகள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் நேரான பலகையிலிருந்து வளைந்த வாளை வெட்டும்போது நார் எங்காவது சாய்ந்தே தீரும்.

எவ்வளவு சாயும் என்று கணக்கிட்டேன். அலகின் நீளம் 30 அங்குலம், நடுவில் வளைவின் ஆழம் ஒன்றரை அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். பிடியையும் முனையையும் இணைக்கும் நேர்கோட்டை நாருக்கு இணையாக வைத்துப் பலகையில் வரைந்தால், நடுவில் நார் சரியாக ஓடும். இரு கடைசிகளிலும் 5-க்கு 1 என்ற சரிவு வரும். ஒன்பதாம் தேதி எழுதிய எண்ணை நினைத்துப் பாருங்கள்: 36 விழுக்காடு. அடி விழும்போது அதிகம் வளையும் இடமோ பிடியருகே. ஆக, மிகவும் பலவீனமான நாரை மிகவும் சுமை ஏறும் இடத்தில் கொண்டுபோய் வைக்கிறோம். பரணிலிருந்து இறக்கிய நான்கில் மூன்று வளைந்த வாள்கள் என்பதன் காரணம் இப்போதுதான் எனக்குத் தெளிவாகிறது.

இதற்கு ஒரு மாற்று உண்டு. வார்ப்புருவைப் பலகைமேல் சற்றுத் திருப்பி, பிடியும் அதை ஒட்டிய அலகும் நாருக்கு நேராக வருமாறு வையுங்கள். சாய்வு முழுவதும் முனைக்குத் தள்ளப்படும். முனையில் சுமை குறைவு. பலகை மட்டும் சற்று அகலமாக வேண்டும். மகளின் வாளுக்கு அலகு 22 அங்குலம் போதும். அளவைக் குறைத்தாலும் விகிதம் மாறாது என்பதால் இதே முறை செல்லும்.

21 நவம்பர் 2022

'நூல்' என்று நான் எழுதும் இடங்களில் ஓர் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு என்று கொள்ள வேண்டும். மரவாடியில் ஆறு நூல் பலகை என்று கேட்டால் முக்கால் அங்குலப் பலகை தருவார்கள்.

18 டிசம்பர் 2022

இருபதாம் தேதி சொன்ன மாற்று முறையில் வேம்பில் ஒரு வாளைச் செய்து பார்த்தேன். பிடியருகே மிக உறுதியாக இருந்தது. அக்கா பேரனிடம் கொடுத்தேன். வேண்டிய மட்டும் அடித்துப் பார்த்தான், ஒன்றும் ஆகவில்லை. பிறகு மாடிப்படியில் கைதவறிக் கீழே போட்டான், முனை தரையில் பட்டு மூன்றங்குலத் துண்டு பிய்ந்து வந்தது. கணக்கைத் திரும்பப் போட்டபோது விடை தெரிந்தது. பிடியில் சாய்வை நீக்கினால் முனையில் அது இரட்டிப்பாகும்: 5-க்கு 2. வீசும்போது முனைக்குச் சுமையில்லை என்று எழுதினேன், அது உண்மை. கீழே விழும்போது முதலில் தரையைத் தொடுவது முனைதான் என்பதை நினைக்கத் தவறினேன். குழந்தைகள் கையில் வாள் வீசப்படுவதைவிட அதிகம் விழத்தான் செய்கிறது.

ஆகவே வளைவு குறைவாக இருந்தால், அதாவது 30 அங்குலத்துக்கு அரை அங்குல ஆழம்வரை, நேர்ப் பலகையே போதும். சரிவு 15-க்கு 1-க்கு மேல் போகாது. அதற்கு மேற்பட்ட வளைவு வேண்டுமானால் மரத்தை வளைக்க வேண்டும், அல்லது வளைந்த மரத்தைத் தேட வேண்டும். வேறு வழி இல்லை என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன்.

வளைக்கும் வழிகளில் வீட்டில் செய்யத்தக்கது, மெல்லிய பட்டைகளை அடுக்கி ஒட்டுவது. ஒவ்வொரு பட்டையும் தன் முழு நீளத்துக்கும் நார் அறுபடாமல் வளைவோடு சேர்ந்து வளைந்து கொடுக்கிறது. செய்து பார்த்துவிட்டு எழுதுகிறேன். விழா எப்போது?

2 ஜனவரி 2023

விழா பிப்ரவரி முதல் வாரம் என்று தெரிந்தது. ஆகவே நான் செய்ததைப் படிப்படியாக, அளவுகளோடு எழுதுகிறேன்.

2 நூல் தடிமன், 6 நூல் அகலம், 30 அங்குல நீளத்தில் ஐந்து பட்டைகளை அறுத்து வாங்கினேன். தேக்கு, காரைக்குடியில் இடித்த ஒரு பழைய வீட்டின் பர்மாத் தேக்குச் சட்டம் ஒன்று கைவசம் இருந்தது. அத்தகைய மரம் பல பத்தாண்டுகள் உலர்ந்தது என்பதால் இனிக் கோணாது. ஆனால் ரம்பத்துக்குக் கொடுக்கும் முன் காந்தத்தை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். உள்ளே புதைந்த ஓர் ஆணி ரம்பப் பல்லைக் கெடுத்துவிடும்.

பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் 10 நூல், அதாவது ஒன்றேகால் அங்குலம் வரும். அதுவே அலகின் அகலம். எந்தப் பக்கமாக அடுக்குவது என்பதில் கவனம் வேண்டும்: பட்டைகள் வாளின் முதுகிலிருந்து வாய்ப்பக்கம் நோக்கி அடுக்கப்பட வேண்டும், ஏனெனில் வாள் வளைவது அந்தத் திசையில்தான். ஒரு தடித்த பலகையில் வேண்டிய வளைவை வெட்டி அச்சாக வைத்துக்கொண்டேன். பட்டைகளின் முகங்களில் மரப்பசையை மெல்லப் பூசி, அச்சோடு சேர்த்து நடுவிலிருந்து கடைசிகளை நோக்கி இறுக்கிக்கொண்டே போக வேண்டும். என்னிடம் நான்கு கிளாம்ப்தான் இருந்தது. மீதி இடத்துக்குப் பழைய சைக்கிள் டியூபை ஓர் அங்குல அகலத்தில் வெட்டி, இழுத்து இழுத்துச் சுற்றினேன். உண்மையைச் சொன்னால் டியூப் சுற்றிய இடத்தில்தான் ஒட்டு இன்னும் ஒழுங்காக அமைந்திருக்கிறது. அச்சில் முன்பே பிளாஸ்டிக் தாள் விரித்துவிடுங்கள், இல்லையென்றால் வாளும் அச்சும் ஒன்றாகிவிடும். ஒரு முழு நாள் அப்படியே விட வேண்டும்.

அவிழ்த்ததும் வளைவு சற்று விரியும். எத்தனை பட்டையோ அந்த எண்ணின் வர்க்கத்தில் ஒரு பங்கு விரியும் என்பது நடைமுறைக் கணக்கு. ஐந்து பட்டை என்றால் 25-இல் ஒரு பங்கு. கண்ணுக்குத் தெரியாத அளவு. இரண்டே பட்டையில் செய்தால் கால் பங்கு விரிந்துவிடும்.

அதன்பின் இழைப்பு. பிடியருகே 5 நூல் தடிமனும் முனையில் 3 நூலும் இருக்குமாறு இழைத்தேன். வாய்ப்பக்கத்தைக் கூராக்கவே கூடாது. ஒன்றரை நூலுக்குக் குறையாமல் விட்டு உருட்டிவிட வேண்டும். முனையை ஐந்து ரூபாய் நாணயத்தை வைத்து வரைந்து வட்டமாக்கினேன். மேடையில் பக்கத்தில் நிற்கும் குழந்தையின் கண்ணை நினைத்துக்கொண்டே இந்த வேலையைச் செய்ய வேண்டும். பிடிக்கு இரு பக்கமும் 3 நூல் சில்லுகளை ஒட்டி, மர அரத்தால் உருட்டி, பருத்திக் கயிற்றைச் சுற்றினேன். பிடியின் அடியில் வரும் வட்டத் தட்டைக் கடைசல் பட்டறையில் கொடுத்து வாங்கினேன். உப்புத்தாள் 80, 120, 220 என்ற வரிசையில்.

எஃகு நிறத்துக்கு வெள்ளி வண்ணம் பூசினால் பால் பாத்திரம் போலத் தெரிகிறது. அதற்குப் பதிலாக, முதலில் மங்கலான கறுப்பு பூசி, நன்றாகக் காய்ந்த பிறகு 6பி பென்சில் கரியைப் பொடி செய்து பஞ்சால் அழுத்தித் தேயுங்கள். பழைய இரும்பின் மினுமினுப்பு அப்படியே வரும். கையில் ஒட்டாமலிருக்க மேலே வார்னிஷை மெல்லப் பூச வேண்டும். மொத்தக் கனம் 300 கிராமுக்குள் அடங்கிவிட்டது.

11 பிப்ரவரி 2023

விழா முடிந்து சிவகங்கை வாசகர் எழுதியிருக்கிறார். வாள் ஒடியவில்லை. இரண்டாம் காட்சியில், பிடிக்கும் அலகுக்கும் நடுவே குறுக்காக நிற்கும் கைக்காப்பு மட்டும் கழன்று முனைப் பக்கம் வழுக்கி ஓடியிருக்கிறது. குழந்தை அதை இடக்கையால் பிடித்துக்கொண்டு வசனத்தை நிறுத்தாமல் பேசி முடித்திருக்கிறாள். வாசித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

தவறு என்னுடையது. கைக்காப்பை எப்படி மாட்டுவது என்று நான் எழுதவேயில்லை. துளையை அலகைவிடப் பெரிதாக வெட்டிப் பசையை நிரப்பினால் நிற்காது. அலகு பிடியோடு சேரும் இடத்தில் நான்கு பக்கமும் அரை நூல் படி ஒன்றை விட்டு, காப்பை முனைப் பக்கத்திலிருந்து நுழைத்து அந்தப் படியில் முட்டுமாறு இறுக்க வேண்டும். முன்பக்கம் வழுக்காமலிருக்க மூங்கில் ஆப்பு ஒன்றை அலகுக்கும் காப்புக்கும் இடையே தட்டிச் செருகினால் போதும். ஆணி அடிக்காதீர்கள். மிகவும் பலவீனமான இடத்தில் துளையிட்டதாகிவிடும்.

5 மார்ச் 2023

ஜப்பானியத் தற்காப்புக் கலையான அய்க்கிடோ பயிலும் சென்னை வாசகர் ஒருவர், பட்டை அடுக்கிய வாளை இணைப் பயிற்சியில் மோதப் பயன்படுத்தலாமா என்று கேட்கிறார். கூடாது. அது மேடைக்கானது. மோதும் வாளுக்கு ஒரே கட்டையில், அடர்ந்த மரத்தில், நேர் நாரில் செய்தது வேண்டும். ஜப்பானியர் போக்கென் எனப்படும் அந்தப் பயிற்சி மர வாள்களைப் பசுமை மாறா ஓக் மரங்களில் செய்கிறார்கள். கியூஷு தீவின் மியாசாகி மாகாணத்திலுள்ள மியாகோனோஜோ நகரில்தான் அவற்றுள் பெரும்பகுதி உருவாகிறது. வழக்கமான நீளம் ஏறத்தாழ 101.5 சென்டிமீட்டர். கவனித்துப் பார்த்தால் அவற்றின் வளைவு மிக மெல்லியது. அந்த அடக்கத்தில் நார்க் கணக்கும் ஒளிந்திருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

மர வாள்தானே என்று அலட்சியமும் வேண்டாம். 1612-இல் மியாமோட்டோ முசாஷி துடுப்பைச் செதுக்கிய மர வாளால் எதிராளியை வீழ்த்தினார் என்பது அந்நாட்டு மரபு. ரோமானியப் படையில் புதிதாகச் சேர்ந்தவர்கள் உண்மை வாளைப்போல் இருமடங்கு கனமான மர வாளால் நட்ட கம்பத்தை அடித்துப் பழகினார்கள். கம்பத்தைத்தான் அடித்தார்கள் என்பதைக் கவனியுங்கள்.

நம் ஊரில் அவருக்கு என்ன மரம் என்றால், முதல் நாள் சொன்ன கருவேலத்துக்கே திரும்புகிறேன். பிளந்து எடுத்த கட்டை, கணு இல்லாதது. முதல் குறிப்பில் மர வகையைப் பற்றி எழுதியது முற்றிலும் வீண் அல்ல. நார் சரியாக அமைந்த பிறகு வகை பேசத் தொடங்குகிறது.

23 ஏப்ரல் 2023

ஓர் எச்சரிக்கை. ஜனவரியில் செய்த வாளின் இரட்டையை நண்பரிடம் காட்ட எடுத்துச் சென்றவன், மதியம் முழுவதும் வெயிலில் நின்ற காரின் பின்கண்ணாடியின் கீழ் விட்டுவிட்டேன். மாலையில் அச்சில் வைத்துப் பார்த்தால் வளைவு இரண்டு நூல் குறைந்திருக்கிறது. பிரியவில்லை, விரிந்திருக்கிறது. வெள்ளை மரப்பசை சூட்டில் இளகும்; உள்ளே வளைந்த பட்டைகள் நிமிரப் பார்த்துக்கொண்டே இருப்பவை; இரண்டும் சேர்ந்தால் பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று மெல்ல நகர்ந்துவிடுகின்றன. சூட்டில் வைக்க நேருமானால் எபாக்சி பசையைப் பயன்படுத்துங்கள்.

14 மே 2023

டிசம்பரில் 'வளைந்த மரத்தைத் தேட வேண்டும்' என்று ஒரு வரியில் விட்டுவிட்டேன். அதைப் பிடித்துக்கொண்டு இருவர் கேட்டிருக்கிறார்கள். இந்த வழியை உச்சத்துக்குக் கொண்டுபோன கருவி நம் ஊரிலேயே இருக்கிறது: வீசி எறியும் வளைந்த ஆயுதமான வளரி. வாள் மரத்தில் வந்தால் அது போலி. ஆனால் மர வளரி உண்மையான வளரியேதான். மரத்தோடு தந்தத்திலும் இரும்பிலும் செய்திருக்கிறார்கள். ஆக்ஸ்ஃபோர்டின் பிட் ரிவர்ஸ் அருங்காட்சியகத்திலும் தமிழ்நாட்டு வளரிகள் இருக்கின்றன. தனக்கு வளரி வீசக் கற்றுக்கொடுத்தவர் சின்ன மருது என்று கிழக்கிந்தியக் கம்பெனிப் படை அதிகாரியான கர்னல் ஜேம்ஸ் வெல்ஷ் 1830-இல் வெளியான தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். தேர்ந்த கையில் நூறு கெசத்துக்குள் குறி தவறாது என்றும் சொல்கிறார். அந்த ஆசிரியரையே 1801 அக்டோபரில் திருப்பத்தூரில் கம்பெனி தூக்கிலிட்டது. இதை நினைக்காமல் என்னால் ஒரு வளரியைக் கையில் எடுக்க முடிவதில்லை.

வளரியின் வளைவு எந்த வாளையும்விடக் கூடுதல். நேர்ப் பலகையில் வெட்டினால் முழங்கையில் நார் குறுக்காக ஓடி, முதல் வீச்சில் தரையில் பட்டதும் இரண்டாகும். ஆஸ்திரேலியப் பழங்குடியினர் பூமராங்குக்கு அடிமரமும் வேரும் சேரும் வளைவைத் தேர்ந்து வெட்டுவது இதனால்தான். அங்கே நாரே வளைந்து வளர்ந்திருக்கிறது.

வளைந்த கிளையிலும் இரண்டு இடர்கள் உண்டு. நடுவில் இருக்கும் குருத்தோடு சேர்த்து உலரவிட்டால் கட்டை வெடிக்கும். ஆகவே பச்சையாக இருக்கும்போதே குருத்து வழியாக நெடுகப் பிளந்து, இரு பாதிகளாக உலர்த்த வேண்டும். அடுத்து, சாய்ந்து வளர்ந்த கிளையின் மேல்பக்கத்து மரம் இழுவிசையைத் தாங்கி வளர்ந்தது. உலரும்போது கீழ்ப்பக்கத்தைவிட மாறாகச் சுருங்கிக் கோணும். அதனால் வேண்டிய தடிமனைவிட நான்கு நூல் கூட்டி வைத்து உலர்த்தி, பிறகு இழைக்க வேண்டும். செய்ததை வீசிப் பார்ப்பதானால் ஆள், ஆடு, மாடு எதுவும் இல்லாத வெட்டவெளியில் மட்டுமே. குழந்தைகளிடம் கொடுக்கவே கூடாது.

18 ஜூன் 2023

மிஞ்சிய துண்டுகளில் என்ன செய்யலாம் என்று கேட்டவருக்கு: பம்பரம், கிட்டிப்புள், மத்து. பல்லாங்குழியும் நல்லது. ஏழேழாகப் பதினான்கு குழி தோண்டி முடிப்பதற்குள் நாரைப் பற்றி வேறு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. குழி உளியை விளிம்பிலிருந்து குழியின் அடியை நோக்கித் தள்ளினால் வழவழப்பாகச் சீவும். அடியைத் தாண்டி மறுபக்கம் ஏற்றினால் அதே உளி சிராயைக் கிளப்பும். அடிக்கு வந்ததும் நிறுத்தி, எதிர் விளிம்பிலிருந்து மறுபடி இறங்க வேண்டும். தேங்காய் எண்ணெய் பூசாதீர்கள், அது என்றைக்கும் காயாது. ஆளிவிதை எண்ணெய் காற்றில் இறுகும். ஆனால் அதைத் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டுவிடக் கூடாது. இறுகும்போது வெளிப்படும் சூட்டில் துணி தானாகவே தீப்பற்றும். தண்ணீரில் நனைத்து, வெளியில் தனியாக விரித்துக் காயவிடுங்கள். என் கொட்டகையில் ஒருமுறை அப்படிப் போட்ட துணி புகையத் தொடங்கியபோது நல்லவேளையாக நான் உள்ளே இருந்தேன்.

6 ஆகஸ்ட் 2023

மணப்பாறைப் பக்கம் உறவினர் தோட்டத்தில் காற்றுக்குச் சாய்ந்த கருவேல மரத்தை வெட்டினார்கள். அடியில், வேர் பிரியும் இடத்தில், மடக்கிய முழங்கைபோல் ஒரு வளைவு இருந்தது. அடுப்புக்குப் போகவிருந்ததைக் கேட்டு வாங்கி வந்தேன். பச்சையிலேயே ஆப்பு வைத்துப் பிளந்தேன். பிளவு நேராகப் போகாமல் முழங்கையைச் சுற்றி, வளைவோடு வளைந்து, ஒரு நாரைக்கூட அறுக்காமல் மறுமுனையில் வெளிவந்தது. இரு பாதிகளின் நான்கு முகப்புகளிலும் பழைய பெயின்ட் பூசி, தேதியை எழுதி, கொட்டகையின் வடக்குச் சுவரோரம் காற்றுப் படுமாறு அட்டம் கொடுத்து அடுக்கியிருக்கிறேன். தடிமன் இரண்டு அங்குலம். ஓர் அங்குலத்துக்கு ஓராண்டு என்பது பழைய கணக்கு. ஒரு பாதி எனக்கு. மறுபாதியைச் சிவகங்கைக்கு அனுப்பி வைப்பதாகச் சொல்லியிருக்கிறேன். அந்தப் பெண் இப்போது உளி பிடிக்கக் கற்றுக்கொண்டிருக்கிறாளாம்.